தம் உடலே முதற் களம்

புதிய மருந்தின் முதற் சோதனையை எவர் உடலில் நிகழ்த்துவது? இவ்வினாவுக்குத் தம் உடலையே விடையாகத் தந்தவர் வால்டமார் ஹாஃப்கின்.

1860-இல் ஒடெசாவில் பிறந்த அவர், பாரிசின் பாஸ்டர் நிலையத்தில் காலராத் தடுப்பூசியை ஆக்கி, 1892 சூலையில் தமக்கே போட்டுக்கொண்டார். மறு ஆண்டு இந்தியா வந்தார். 1896-இல் பம்பாயில் பிளேக் மூண்டது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சில திங்களிலேயே அந்நோய்க்கும் தடுப்பூசி கண்டு, 1897 சனவரி 10 அன்று மீண்டும் தம் உடலிலேயே ஏற்றினார். அடுத்து, பைகுல்லாச் சிறையில் விரும்பி முன்வந்த கைதிகளுக்குப் போட்டார். சிறைப்பட்டவனின் விருப்பம் எத்துணை விருப்பம் என்று இன்று நாம் கேட்போம், கேட்கவும் வேண்டும்.

1902-இல் பஞ்சாபின் மல்கோவால் சிற்றூரில் ஊசி பெற்றோருள் 19 பேர் இரணஜன்னியால் மாண்டனர். அனைவர்க்கும் மருந்து ஒரே புட்டியினின்று வந்தது. அதைத் திறக்கையில் இடுக்கி மண்ணில் விழுந்தது. செவ்வனே தூய்மை செய்யப்படாமலே அது மீண்டும் பயன்பட்டது. பழியோ ஆய்வகத் தலைவர்மேல் விழுந்தது. அவர் பணியினின்று விலக்கப்பட்டார். ரொனால்டு ராஸ் முதலியோர் வாதாடிய பின், 1907-இல்தான் பழி நீங்கிற்று. ஓர் இடுக்கியின் கதையை உலகம் ஏற்க ஐந்தாண்டு! கல்கத்தாவில் மீண்டும் பணி கிடைத்தது. ஆனால் மனிதர்மீது சோதனை நிகழ்த்தும் உரிமை மட்டும் திரும்பவில்லை.

1925-இல் பம்பாய் ஆய்வகம் அவர் பெயரை ஏற்றது. 1930-இல் லோசானில் அவர் மறைந்தார்.