‘காகம்’ ஓட்டிய இளைஞர் – தோஜிரோ உகியா

முன்னுரை

நெடுநாள் வாழ்ந்தவர்களே நிலைத்த புகழ் பெறுவர் என்பதில்லை. 23 ஆண்டுகளே வாழ்ந்து, மறைந்து 60 ஆண்டுகள் கடந்த பின்னரும் தம் நாட்டு இளைஞர்களால் நினைக்கப்படும் ஒருவர் ஜப்பானில் உண்டு. அவர் அரசியல் தலைவர் அல்லர், அறிவியலறிஞர் அல்லர், திரைப்பட நடிகரும் அல்லர். சிறிய எஞ்சின் கொண்ட சிறிய கார்களைப் பந்தயத் தடத்தில் ஓட்டிய இளைஞர். அவர் பெயர் தோஜிரோ உகியா. நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர்தான். எனினும் கல்லூரியில் பயிலும் வயதில் ஓர் இளைஞன் எதைச் செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது என்னும் இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் வாழ்க்கை அவருடையது.

பிறப்பும் இளமையும்

உகியா 1942 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16 ஆம் நாள், தோக்கியோ மாநகருக்குக் கிழக்கே சிபா மாநிலத்தைச் சேர்ந்த இச்சிகாவா நகரில் பிறந்தார். வசதி படைத்த குடும்பம். ஆனால் நாடு போரில் மூழ்கியிருந்த காலம் அது. அவருக்கு மூன்று வயது நிறைந்த மறு மாதமே ஜப்பான் சரணடைந்தது. எரிந்த நகரங்களும் இடிந்த தொழிற்சாலைகளும் மீண்டும் எழுந்ததைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை அவருடையது. அந்தத் தலைமுறைக்கு எஞ்சின் என்பது வெறும் இயந்திரம் அன்று. நாடு மீண்டும் தலைநிமிர்கிறது என்பதன் அடையாளம்.

அக்காலத்து ஜப்பானில் 14 வயது நிறைந்தவர்கள் மிகச் சிறிய மோட்டார் சைக்கிள்களை ஓட்டுவதற்கு அனுமதி பெற முடிந்தது. உகியாவிடம் ஜெர்மனியில் செய்யப்பட்ட கிரைட்லர் என்னும் 50 சி.சி. வண்டி இருந்தது. 1957 ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நடுநிலைப் பள்ளியின் இறுதி வகுப்பு மாணவராக இருந்த அவர், அந்தச் சிறு வண்டியில் இச்சிகாவாவிலிருந்து ஒசாகா வரை சென்று திரும்பினார். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 1500 கிலோமீட்டர்.

இதன் அருமையை உணர அன்றைய சாலைகளைப் பற்றி அறிய வேண்டும். ஜப்பானின் சாலைகளை ஆராய்வதற்காக 1956 இல் அமெரிக்காவிலிருந்து வந்த வல்லுநர் குழு, அந்நாட்டின் முதன்மை நெடுஞ்சாலைகளிலேயே 77 விழுக்காடு தார் காணாதவை என்று கண்டு வியந்தது. விரைவுச்சாலை என்பதே அங்கு 1963 இல்தான் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. புழுதியிலும் சேற்றிலும் லாரிகளுக்கு இடையே, சைக்கிளைவிடச் சற்றே பெரியதொரு வண்டியில் 15 வயதுச் சிறுவன் தன்னந்தனியே சென்று வந்தான் என்றால் அவனுடைய மனவுறுதியை என்னென்பது! அனுப்பி வைத்த பெற்றோரின் மனவுறுதியும் சிறிதன்று.

திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. தம் பயணத்தை ஒரு நூலாக எழுதினார். ‘காமுஷரா 1500 கிலோ’ என்பது அதன் பெயர். முன்பின் பாராமல் பாய்தல் என்பது அந்த முதற்சொல்லின் பொருள். ஜப்பானிய இளைஞர்கள் பலரை அந்நூல் பயணத்திற்குத் தூண்டியது.

கடல் கடந்த வாழ்க்கை

தோக்கியோவில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்த உகியா, படிப்பை இடையிலேயே நிறுத்திவிட்டு 1960 இல் அமெரிக்கா சென்றார். ஜப்பானியர் வெளிநாடு செல்வது மிக அரிதாக இருந்த காலம் அது. சுற்றுலாவுக்காக வெளிநாடு செல்லும் உரிமையே அந்நாட்டு மக்களுக்கு 1964 இல்தான் கிடைத்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் அமெரிக்காவில் கிடைத்த வேலைகளைச் செய்தும், படித்தும், மோட்டார் சைக்கிளில் ஊர்களைச் சுற்றியும் சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்தார். வீட்டுக்குக் கடிதங்கள் எழுதினார், நாட்குறிப்பும் எழுதினார். தம் வாழ்க்கையைத் தாமே நடத்த முடியும் என்னும் நம்பிக்கையே அவர் அங்கிருந்து கொண்டு வந்த செல்வம் எனலாம்.

பந்தயத் தடம் அழைத்தது

அவர் தாயகம் திரும்பிய வேளையில் ஜப்பானில் ஒரு புதிய அலை வீசிக்கொண்டிருந்தது. ஹோண்டா நிறுவனம் சுசுக்கா என்னுமிடத்தில் சுமார் 6 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடத்தை 1962 இல் அமைத்திருந்தது. அங்கு 1963 மே மாதத்தில் முதலாவது ஜப்பான் கிராண்ட் பிரீ நடைபெற்றது. அதுவரை கார்ப் பந்தயத்தைக் கண்டறியாத இளைஞர்கள், தாம் அன்றாடம் ஓட்டும் கார்களின் முட்டுத்தாங்கிகளைக் கழற்றிவிட்டுத் தடத்தில் இறங்கினர். இவர்களிற் பெரும்பாலோர் இதனைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர், ஆர்வத்தால் ஓட்டியவர்கள்.

உகியாவும் இந்த அலையில் கலந்தார். டொயோட்டா நிறுவனம் அவரைத் தன் ஓட்டுநர்களுள் ஒருவராக ஏற்றுக்கொண்டது. 1964 மே மாதத்தில் நடந்த இரண்டாவது கிராண்ட் பிரீயில் அவர் டொயோட்டா கொரோனா காரை ஓட்டினார். பெயர் சொல்லும்படியான வெற்றி கிட்டவில்லை. அதே விழாவில் தெத்சு இக்குசாவா என்னும் மற்றோர் இளைஞர், பிரின்ஸ் ஸ்கைலைன் காரை ஓட்டி, ஐரோப்பிய போர்ஷே காரை ஒரு சுற்றில் முந்திக் காட்டி நாடு முழுதும் பேசப்பட்டார். உகியாவின் வாழ்வில் இந்தப் பெயர் மீண்டும் வரும்.

காகம் பிறந்த கதை

ஹோண்டா நிறுவனம் 1964 இல் எஸ்600 என்னும் சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அதன் எஞ்சின் 606 சி.சி. மட்டுமே. ஆனால் நான்கு சிலிண்டர்கள்; நான்கு கார்புரேட்டர்கள்; சிலிண்டர் தலையின் மேல் இரண்டு கேம் தண்டுகள். நிமிடத்துக்கு 8500 முறை சுழன்று 57 குதிரைத் திறனை அது அளித்தது. பின்சக்கரங்களுக்கு விசையைச் சங்கிலி வழியாகவே செலுத்தினர். மோட்டார் சைக்கிள் செய்து பழகிய கைகள் செய்த கார் அது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தக் காரை வைத்திருந்த உகியா, கியோத்தோ நகரைச் சேர்ந்த மினோரு ஹயாஷி என்னும் இளைஞரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். ஹயாஷிக்கு அப்போது வயது 19. பொறியியல் நிறுவனம் எதிலும் பணிபுரிந்தவர் அல்லர். காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவம் எது என்று சிந்திப்பதில் பித்துக் கொண்டவர். எஞ்சினின் திறனைக் கூட்டுவது ஒரு வழி. எடையைக் குறைத்து, காற்றின் தடையைக் குறைப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. சிந்தனையும் உழைப்பும் போதும். காரின் முகப்பையும் கூரையையும் கண்ணாடியிழைத் தகடுகளால் புதிதாக அமைத்தார் ஹயாஷி. பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசப்பட்டது. அதனால் அந்தக் கார் ‘கராசு’, அதாவது காகம், என்று பெயர் பெற்றது.

1965 ஆம் ஆண்டு சுசுக்காவில் நடைபெற்ற கிளப்மேன் பந்தயத்தில் காகம் முதன்முறையாகத் தடத்தில் இறங்கியது; முதற் பந்தயத்திலேயே வென்றது. 22 வயது ஓட்டுநரும் 19 வயது வடிவமைப்பாளரும் சேர்ந்து செய்த சாதனை இது.

பதினாறாம் இடத்திலிருந்து முதலிடம்

அதே ஆண்டு ஜூலை மாதத்தில், உகியாவின் சொந்த மாநிலமான சிபாவில், கடலோரத்தில் ஃபுனபாஷி என்னும் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. இத்தாலிய ஓட்டுநர் பியரோ தாருஃபி வடிவமைத்த அத்தடத்தில், ஜூலை 18 ஆம் நாள் பெரும் பந்தயம் நடந்தது. உகியா தம் 23 ஆம் பிறந்தநாளைக் கடந்து இரண்டு நாட்களே ஆகியிருந்தன.

இம்முறை அவர் ஓட்டியது டொயோட்டா ஸ்போர்ட்ஸ் 800. அதற்கு இரண்டே சிலிண்டர்கள். காற்றினால் குளிரும் எஞ்சின். 45 குதிரைத் திறன். ஹோண்டா எஸ்600 காரைவிட 12 குதிரைத் திறன் குறைவு. ஆனால் எடை 580 கிலோ மட்டுமே. ஹோண்டாவைவிட 100 கிலோவுக்கு மேல் குறைவு. நேர்வழியில் பின்தங்கும் அக்கார், வளைவுகளில் அந்தக் கடனை வட்டியோடு திருப்பித் தரும். எதிரே ஹோண்டா எஸ்600 காரில் இருந்தவர் இக்குசாவா.

பந்தயத்தின் தொடக்கச் சுற்றுகளில் இருவர் கார்களும் மோதிக்கொண்டன. உகியாவின் காரில் முன்சக்கரத்தின் மேலுள்ள தகடு மடங்கி டயரில் உரசியது. அவர் தடத்தை விட்டு விலகிப் பணிக்கூடத்துக்கு வந்து, தகட்டை நிமிர்த்திக்கொண்டு மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று. அதற்குள் 16 ஆம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வேறொருவராயின் அன்றைய நாளை மறந்து வீடு திரும்பியிருப்பார். உகியா ஒவ்வொரு காராக முந்தினார். சுற்றுக்குச் சுற்று இடைவெளி குறைந்தது. இறுதியில் இக்குசாவாவையும் முந்தி முதலாவதாக வந்தார்! அதே நாளில் வேறொரு பிரிவில் லோட்டஸ் எலான் காரை ஓட்டி அதிலும் வென்றார். ஜப்பானியப் பந்தய வரலாற்றில் இன்றும் மறவாமல் சொல்லப்படும் நாள் அது.

முடிவு

அந்த வெற்றிக்குப் பின் அவர் வாழ்ந்தது 34 நாட்களே. ஆகஸ்டு மாதத்தில் சுசுக்கா தடத்தில் ஹோண்டா எஸ்600 காரில் பயிற்சி செய்துகொண்டிருந்தார். வேகமாக வந்துகொண்டிருந்தபோது, தடத்தின்மீது ஆட்கள் நடந்து செல்வதைக் கண்டார். அவர்கள்மீது மோதாமல் தவிர்க்கக் காரைத் திருப்பினார். கார் தடத்தை விட்டு விலகி மோதியது. படுகாயமுற்ற உகியா, 1965 ஆகஸ்டு 21 ஆம் நாள் உயிர் நீத்தார். இரண்டு மாதங்கள் கழித்து, அக்டோபரில் மெக்சிகோவில், ஜப்பானியக் கார் ஒன்று முதன்முறையாக உலகின் தலைசிறந்த ஃபார்முலா 1 பந்தயத்தை வென்றது. அதைக் காண அவர் இல்லை.

அவருடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பின்னர் நூலாக வெளிவந்தன. காகத்தை வடிவமைத்த ஹயாஷி 1975 இல் தோம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார்; அவருடைய கார்கள் 1979 முதல் பிரான்சின் புகழ்பெற்ற லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓடின. உகியா ஓட்டிய வகைக் கார்கள் இன்று பழம்பொருள்களாகிவிட்டன. ஆயினும் அவற்றைத் தேடிப் பிடித்து, பழுது நீக்கி, திருத்தியமைத்துப் பந்தயத் தடங்களில் ஓட்டும் ஆர்வலர்கள் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் உள்ளனர்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! உகியாவின் வரலாற்றைப் படிப்பவர் அதனை வேகத்தின் புகழாக எண்ணிவிடக் கூடாது. முன்பின் பாராமல் பாய்தல் என்று தம் முதல் நூலுக்கே பெயரிட்டவர்தாம் அவர். ஆனால் 15 வயதில் 50 சி.சி. வண்டியில் 1500 கிலோமீட்டர் செல்ல வேண்டியது வேகம் அன்று, பொறுமை. பதினாறாம் இடத்திலிருந்து முன்னேற வேண்டியது ஆத்திரம் அன்று. ஒவ்வொரு வளைவிலும் தவறாத கை.

அவர் முடிவும் நமக்கு ஒன்றைச் சொல்கிறது. வேகத்துக்கென அமைக்கப்பட்ட தடத்திலேயே, எதிர்பாராமல் மனிதர் குறுக்கே வந்தபோது, அத்தனை திறம் படைத்த ஓட்டுநராலும் தம்மைக் காத்துக்கொள்ள இயலவில்லை. ஓடும் தடத்தில் ஆள் நடக்கக் கூடாது, அபாயம் என்றால் மஞ்சள் கொடி, நிறுத்து என்றால் சிவப்புக் கொடி என்னும் விதிகளை இன்று பந்தயத் தடங்கள் கண்டிப்புடன் காப்பது இதனால்தான். அவ்வாறிருக்க, குழந்தைகளும் முதியோரும் நடக்கும் பொதுச் சாலையைப் பந்தயத் தடமாக்குவோரை என்னென்று சொல்வது? அது வீரம் அன்று. பிறர் உயிரைப் பணயம் வைத்தாடும் சூதாட்டம். உகியாவோ, பிறர் உயிரா தம் உயிரா என்ற நொடியில் காரைத் திருப்பியவர்.

பதினாறாம் இடத்திலிருந்து முதலிடம் வந்ததற்காக ஜப்பானியர் அவரைப் போற்றுகின்றனர். காரைத் திருப்பிய அந்த நொடிக்காகவும் நாம் அவரை நினைவில் கொள்வோமாக!