ஹிரோஷிமா சென்ற மருத்துவர் மார்செல் ஜூனோ

வாளெடுத்துப் போர்க்களம் சென்றவர்களை வரலாறு மறப்பதில்லை. மருந்துப் பெட்டியோடு அதே களத்துக்குச் சென்றவர்களை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். அவ்வாறு சென்ற மருத்துவர் மார்செல் ஜூனோ. செஞ்சிலுவைத் தொண்டர்களும் ஹிரோஷிமா நகர மக்களும் நன்கறிந்த பெயர் அது. அணுகுண்டால் அழிந்த அந்நகருக்குள் முதன்முதலாகச் சென்ற வெளிநாட்டு மருத்துவர் அவரே. அவர் வாழ்க்கையை நம் கல்லூரி மலரில் எழுதுவதைப் பெருமையாகக் கருதுகிறேன்.

சுவிட்சர்லாந்து நாட்டவருக்கும் நம் புதுச்சேரிக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் கேட்கலாம். நம்மில் பலர் தேர்வுக் காலத்தில் போய் அமரும் ரோமன் ரோலண்ட் நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிரெஞ்சு எழுத்தாளர் முதல் உலகப் போரின்போது ஜெனீவாவில், செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க் கைதிகள் பணியகத்தில் தொண்டராக உழைத்தவர். காணாமற்போன வீரர்களின் செய்தியை அவர்கள் வீட்டாருக்குத் தெரிவிக்கும் பணி அது. பின்னாளில் ஜூனோ நடந்ததும் அதே பாதையில்தான்.

இளமைப் பருவம்

ஜூனோ 1904ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் நியூஷாட்டல் நகரில் பிறந்தார். தந்தையார் ஒரு பாதிரியார். குழந்தைகள் எழுவர், வருவாயோ குறைவு. தந்தையார் மறைந்தபின் குடும்பம் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. தாயார் ஒரு விடுதி நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார். உறவினர் ஒருவர் பொருளுதவி செய்ததால்தான் ஜூனோவின் மருத்துவக் கனவு நனவாயிற்று. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். ஒருவர் தரும் கல்விக் கட்டணம் எத்தனை உயிர்களுக்கு உதவக்கூடும் என்பதை இந்தச் செய்தியைப் படித்தபோது உணர்ந்தேன்.

மாணவராக இருந்தபோதே ரஷ்ய நாட்டுப் பசித்த குழந்தைகளுக்காக நடந்த நிவாரண இயக்கத்தில் ஜூனோ பங்கு கொண்டார். 1929இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பிரான்சு நாட்டில் முலூஸ் நகர மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்றார். அமைதியாக அங்கேயே இருந்திருந்தால் பேரும் பொருளும் ஈட்டியிருப்பார். ஆனால் 1935இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் அனைத்துலகக் குழு அவரை எத்தியோப்பியாவுக்கு அழைத்தது. அவர் புறப்பட்டுவிட்டார்.

போர்களின் நடுவே

இத்தாலி எத்தியோப்பியாவின்மீது படையெடுத்திருந்த காலம் அது. செஞ்சிலுவைக் கொடி பறந்த மருத்துவ முகாம்கள்மீதும் குண்டுகள் விழுந்தன. நச்சு வாயு வீசப்பட்டது. போரில் நச்சு வாயுவைப் பயன்படுத்தலாகாது என்று 1925இல் ஜெனீவாவில் நாடுகள் கையெழுத்திட்டிருந்தன. இத்தாலியும் அவற்றுள் ஒன்று. எழுதிய உறுதிமொழி எத்தனை எளிதில் மீறப்படும் என்பதை இளம் மருத்துவர் நேரில் கண்டார்.

அடுத்து ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போர். அங்கே இரு தரப்பாரிடமும் பேசிக் கைதிகளைப் பரிமாற வைத்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் கைதி முகாம்களைப் பார்வையிட்டார். பஞ்சத்தில் வாடிய கிரேக்க நாட்டுக்கு உணவு சேர்க்கப் பாடுபட்டார். எந்தப் பக்கமும் சேராமல், எல்லாப் பக்கத்தாருக்கும் உதவுவது என்பதே அவர் கொள்கை.

ஹிரோஷிமா

1945ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஜப்பானில் இருந்த போர்க் கைதிகளின் நலம் காண ஜூனோ அனுப்பப்பட்டார். மாஸ்கோ, சைபீரியா, மஞ்சூரியா என்று நெடுந்தொலைவு சுற்றி ஆகஸ்டு 9ஆம் நாள் டோக்கியோ சேர்ந்தார். மூன்று நாள்களுக்கு முன், ஆகஸ்டு 6 காலை 8.15 மணிக்கு, ஹிரோஷிமாமீது அணுகுண்டு வீசப்பட்டிருந்தது. அவர் வந்து சேர்ந்த அன்றே நாகசாகியும் எரிந்தது.

ஹிரோஷிமாவில் அவ்வாண்டு இறுதிக்குள் மாண்டவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மருத்துவர், செவிலியருள் பத்தில் ஒன்பது பேர் இறந்தோ காயமுற்றோ போனார்கள். நோயாளிகள் பெருகிய நேரத்தில் நோய் தீர்ப்பவர்களே இல்லாமற் போயினர். செய்திகளும் வெளியே வரவில்லை.

ஆகஸ்டு 30ஆம் நாள், ஜூனோவின் உடன் பணியாளர் பிரிட்ஸ் பில்பிங்கர் ஹிரோஷிமாவிலிருந்து தந்தி அனுப்பினார். நகரின் பெரும்பகுதி அழிந்துவிட்டது; மருத்துவமனைகள் இடிந்துவிட்டன; தேறி வருவதாகத் தோன்றுவோரும் திடீரென்று இறக்கிறார்கள்; கட்டுத் துணியும் சல்பா மருந்தும் இரத்தப் பிளாஸ்மாவும் உடனே வேண்டும் என்பது அதன் சாரம்.

தேறியவர்கள் ஏன் இறந்தார்கள்? அறிவியல் மாணவர்களாகிய நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். குண்டு வெடித்தபோது வெளிப்பட்ட காமாக் கதிர்களும் நியூட்ரான்களும் உடலை ஊடுருவிச் சென்றன. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களே கதிர்வீச்சால் முதலில் கெடும். எலும்பு மச்சை அத்தகையது. அது கெட்டால் புதிய இரத்த அணுக்கள் பிறப்பதில்லை. பழைய அணுக்கள் தீரும்வரை மனிதர் நலமாகவே தோன்றுவார். பிறகு வெள்ளை அணுக்கள் குறையும். சிறு காயமும் சீழ் பிடிக்கும். தட்டணுக்கள் குறையும், ஈறுகளில் இரத்தம் கசியும், தோலில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். முடி கொத்துக் கொத்தாக உதிரும். இதற்கு நேர் மருந்து அன்று இல்லை. ஆனால் தொற்றைத் தடுத்து, இரத்தம் ஏற்றி, உணவூட்டி, மச்சை மீண்டும் உயிர்பெறும்வரை காத்தால் சிலரையாவது பிழைக்க வைக்கலாம். மருந்துப் பெட்டிகளின் மதிப்பு அந்தச் சில வாரங்களில்தான் இருந்தது.

ஜூனோ காலந்தாழ்த்தவில்லை. தந்தியைக் கையிலெடுத்துக்கொண்டு அமெரிக்கப் படைத் தலைமையிடம் சென்று உதவி கேட்டார். குண்டு வீசியவர்களிடமே மருந்து கேட்க எத்தனை நெஞ்சுரம் வேண்டும்! பத்து டன்னுக்கு மேற்பட்ட மருந்துப் பொருள்கள் கிடைத்தன. செப்டம்பர் 8ஆம் நாள் அவற்றோடும், ஆய்வுக் குழுவினரோடும் விமானத்தில் புறப்பட்டார். டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மசாவோ சுசுகியும் உடன் வந்தார். அவர் 1920களிலேயே முயல்கள்மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி விளைவை ஆராய்ந்தவர். முயலில் கண்டதை மனிதரில் காணும் கொடுமை அவருக்கு நேர்ந்தது.

சில நாள்கள் ஜூனோ அங்கே தங்கினார். மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று மருந்துகளைப் பங்கிட்டார். தாமும் மருத்துவம் செய்தார். குண்டு விழுந்து ஒரு மாதம் கடந்திருந்தது. அதற்குள் எத்தனையோ பேர் மாண்டுவிட்டனர். பயன் என்ன என்று கேட்பாரும் உண்டு. கடைசிக் கட்டுத் துணியும் தீர்ந்த இடத்தில் உழைத்துக்கொண்டிருந்த ஜப்பானிய மருத்துவரும் செவிலியரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பின்னாளில்

நாடு திரும்பியபின் தம் அனுபவங்களை 1947இல் பிரெஞ்சு மொழியில் நூலாக்கினார். நச்சு வாயுவை விலக்கியதுபோல் அணு ஆயுதத்தையும் உலகம் விலக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். விலக்கப்பட்ட வாயு வீசப்பட்டதை நேரில் கண்டவர் அவர். சட்டம் மட்டும் போதாது என்பதை அவருக்கு வேறெவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் சட்டமே வேண்டாம் என்ற முடிவுக்கு அவர் வரவில்லை. இதுவே அவர் வாழ்வில் என்னைப் பெரிதும் கவர்ந்த பகுதி.

யூனிசெப் சார்பில் சீனாவிலும் பணியாற்றினார். உடல்நலம் குன்றவே நெடுநேரம் நின்று அறுவை செய்ய இயலவில்லை. மனம் தளராமல் மயக்க மருந்தியலைப் புதிதாகக் கற்று, 1953இல் ஜெனீவா மருத்துவமனையில் அத்துறையை நிறுவினார். 1961ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், ஓர் அறுவையின்போது மயக்க மருத்துவராகப் பணிபுரிந்து கொண்டிருந்த வேளையிலேயே மாரடைப்பால் உயிர் நீத்தார். வயது 57. 1979இல் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது.

அவர் விரும்பிய தடை உடன்படிக்கை 2017இல் ஐக்கிய நாடுகள் அவையில் நிறைவேறி 2021இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அணு ஆயுதம் வைத்திருக்கும் நாடுகள் எவையும் அதில் சேரவில்லை. நம் நாடும் சேரவில்லை. குண்டுக்குத் தப்பிப் பிழைத்தோரின் அமைப்பான நிகோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நமக்குரிய பாடம்

மாணவ நண்பர்களே! கதிர்வீச்சு நமக்கு அயலான பொருளன்று. கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் அதே கதிர்கள் புற்றுநோயாளிகளுக்கு மருந்தாகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம். அளவோடு நின்றால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு என்பதைப் படித்தவர்கள் நாம். அறியாதவர் அஞ்சுவார், அரைகுறையாய் அறிந்தவர் அலட்சியம் செய்வார். இரண்டையும் போக்கும் கடமை நம்முடையது.

நம் கல்லூரிகளில் இளைஞர் செஞ்சிலுவைச் சங்கம் இயங்குகிறது. வருகைப் பதிவுக்காகவும் சான்றிதழுக்காகவும் மட்டும் அதில் சேர வேண்டுமா? முதலுதவி கற்போம். குருதிக் கொடை அளிப்போம். ஜூனோ ஹிரோஷிமாவுக்குக் கொண்டு சென்ற பெட்டிகளில் இருந்த பிளாஸ்மாவும் முகமறியாத மனிதர்கள் தந்த குருதியிலிருந்து பிரித்தெடுத்ததுதான். அத்தகைய கொடை எல்லோராலும் இயலும், நம்மாலும் இயலும்.