முகக்கவசத்தோடு திரும்பி வந்த கோல் காவலர்

நம் நாட்டில் ஹாக்கி என்றாலே திடலில் ஆடும் ஹாக்கிதான் நினைவுக்கு வரும். 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் ஐஸ் ஹாக்கியும் இடம்பெற்றது. கம்பி போட்ட முகக்கவசத்துடன் வலைக்கு முன்னால் நிற்கும் கோல் காவலரை அப்போதுதான் நம்மில் பலர் நேரில் பார்த்திருப்போம். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் 1917இல் தொடங்கியது. அதன் பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கோல் காவலர்கள் வெறும் முகத்தோடுதான் நின்றார்கள். அந்த வழக்கத்தை மாற்றிய ஜாக் பிளான்ட் என்பவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் 1929ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பிறந்தவர் பிளான்ட். பதினொரு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா தொழிற்சாலைத் தொழிலாளி. வீட்டில் வறுமை. அம்மாவிடம் பின்னல் வேலை கற்றுக்கொண்டு, தம்பி தங்கைகளுக்கான கம்பளித் தொப்பிகளையும் அவரே பின்னினார். புகழ்பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. சக ஆட்டக்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கும்போது இவர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருப்பாராம். கேலிக்கு அஞ்சாத இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறு வயதிலேயே அவருக்கு ஆஸ்துமா. பனிச்சறுக்குக் காலணியோடு நீண்ட நேரம் வேகமாக ஓடினால் மூச்சு முட்டும். அதனால் ஓட்டம் அதிகம் தேவைப்படாத வலைப் பக்கம் ஒதுங்கினார். உருளைக்கிழங்குச் சாக்குகளைத் திணித்துக் கட்டிய பட்டைகள்தாம் அவருடைய முதல் கால்காப்பு. ஆஸ்துமா அவரைக் கடைசிவரை விடவில்லை. டொரொண்டோவுக்குப் போகும்போதெல்லாம், குழு தங்கும் ஹோட்டலில் மூச்சுத் திணறுகிறது என்று சொல்லித் தனியாக வேறு ஹோட்டலில் தங்குவார். நிர்வாகத்துக்கு இதெல்லாம் எரிச்சலூட்டியது.

ஆனாலும் ஆளை விட்டுவிட முடியவில்லை, அவ்வளவு திறமை. 1950களில் மாண்ட்ரியல் கனேடியன்ஸ் குழுவின் கோல் காவலரானார். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது அந்தக் குழு. அந்தச் சாதனையை இன்றுவரை எந்தக் குழுவும் எட்டவில்லை. அந்த ஐந்து ஆண்டுகளும் மிகக் குறைந்த கோல்களை விட்டுக்கொடுத்ததற்கான வெசினா விருதும் பிளான்டுக்கே கிடைத்தது. வலையை விட்டு வெளியே வந்து, பின்புறச் சுவரோரம் போகும் ‘பக்’கைத் தடுத்துத் தற்காப்பு ஆட்டக்காரரிடம் தள்ளிவிடுவது அவருடைய பாணி. கோல் காவலர் வலையிலேயே நிற்க வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. சில அரங்கங்களில் வலையின் மேல் கம்பம் உயரம் மாறியிருக்கிறது என்றும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அளந்து பார்த்தபோது அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த வலைகள் அவை. எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். நின்ற இடத்திலிருந்தே அந்தச் சிறு வேறுபாட்டை உணரும் கண் அது.

இனி முகத்துக்கு வருவோம். ‘பக்’ என்பது சுமார் 170 கிராம் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. ஆட்டத்துக்கு முன் அதைக் குளிரூட்டி உறைய வைப்பார்கள். மட்டையால் ஓங்கி அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பறக்கும். பயிற்சியிலேயே பிளான்டின் கன்ன எலும்பு இரண்டு முறை உடைந்தது. அதன்பின் பயிற்சியின்போது மட்டும் கவசம் அணியத் தொடங்கினார். கண்ணாடியிழைத் துறையில் வேலை பார்த்த பில் பர்ச்மோர் என்பவர், அவருடைய முக அமைப்புக்கு ஏற்றபடி மெல்லிய, உறுதியான கவசம் ஒன்றைச் செய்து கொடுத்தார்.

பயிற்றுநர் டோ பிளேக் ஆட்டத்தில் அதை அணிய அனுமதிக்கவில்லை. அவரை வில்லனாக்கத் தேவையில்லை. கவசம் போட்டால் காலடியில் கிடக்கும் பக் தெரியாது, ஆளுக்கு விழிப்பும் குறைந்துவிடும் என்று அவர் உண்மையாகவே நம்பினார். மாண்ட்ரியல் மரூன்ஸ் குழுவின் கிளின்ட் பெனடிக்ட் 1930இல் தோல் கவசம் அணிந்து பார்த்து, சில ஆட்டங்களிலேயே கைவிட்டிருந்தார். கவசம் கேட்பவன் கோழை என்ற எண்ணமும் அரங்கங்களில் ஊறிப் போயிருந்தது.

1959 நவம்பர் 1. நியூயார்க், மெடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கம். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்களில் ரேஞ்சர்ஸ் குழுவின் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளான்டின் முகத்தில் பட்டது. மூக்கோரம் கிழிந்து இரத்தம் கொட்டியது. உள்ளே அழைத்துப் போய்த் தையல் போட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு குழு ஒரே ஒரு கோல் காவலரோடுதான் வரும். மாற்று ஆள் கிடையாது. தையல் முடியும்வரை ஆட்டம் நிற்கும். அவரால் முடியாவிட்டால், அரங்கத்தில் இருக்கும் யாராவது ஓர் அமெச்சூர் ஆட்டக்காரரை நிறுத்த வேண்டியதுதான். பிளான்டின் கையில் இருந்த துருப்புச் சீட்டு அதுதான். கவசம் இல்லாமல் திரும்பி வர மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பிளேக்குக்கு வேறு வழியில்லை. காயம் ஆறியதும் கழற்றிவிட வேண்டும் என்ற பேச்சோடு விட்டுக்கொடுத்தார். முகத்தை மூடிய வெளிர்நிறக் கவசத்தோடு பிளான்ட் அரங்கத்துக்குள் வந்தபோது பார்வையாளர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நான் பலமுறை கற்பனை செய்திருக்கிறேன். மாண்ட்ரியல் 3-1 என்று வென்றது.

அதோடு முடிந்திருந்தால் காயம் ஆறியதும் கவசம் பெட்டிக்குள் போயிருக்கும். ஆனால் மாண்ட்ரியல் வரிசையாகத் தோற்காமல் ஆடிக்கொண்டே போனது. வென்றுகொண்டிருப்பவரிடம் எதைச் சொல்லிக் கழற்றச் சொல்வது? 1960 மார்ச்சில் பிளேக்குக்காக ஒரே ஓர் ஆட்டம் வெறும் முகத்தோடு ஆடினார். டெட்ராய்ட்டிடம் 3-0 தோல்வி. அடுத்த ஆட்டத்தில் கவசம் திரும்பி வந்தது. அந்தப் பருவத்தின் ஸ்டான்லி கிண்ணச் சுற்றில் எட்டு ஆட்டங்கள் ஆடி எட்டையும் வென்றார்கள். ஒரு தோல்விக்குக் கவசம்தான் காரணம் என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் கருத்து. அவர் சொன்ன நியாயம் 1930இலும் நியாயம்தான். வெற்றி கூடவே வந்ததால்தான் அது காதில் ஏறியது.

1962இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது அவருக்குக் கிடைத்தது. அடுத்து ஒரு கோல் காவலர் அதை வாங்க 35 ஆண்டுகள் ஆயின. 1963இல் மாண்ட்ரியல் அவரை நியூயார்க்குக்கு மாற்றிவிட்டது. 1965இல் ஓய்வு பெற்றார். மூன்று ஆண்டுகள் கழித்து செயின்ட் லூயிஸ் குழுவுக்காகத் திரும்பி வந்தார். நாற்பது வயதில் கிளென் ஹாலுடன் சேர்ந்து ஏழாவது வெசினா விருதைப் பெற்றார். 1970 இறுதிச் சுற்றில், பாஸ்டன் குழுவினர் அடித்த பக் திசை மாறி அவருடைய நெற்றிப் பகுதியில் மோதியது. கவசம் உடைந்தது. அவர் நினைவிழந்து விழுந்தார். கவசம் இல்லாதிருந்தால் உயிரே போயிருக்கும் என்று பின்னர் அவரே நம்பினார். அதற்குப் பிறகும் டொரொண்டோவுக்கு ஆடப் போனார்!

1974க்குப் பின் அந்த லீக்கில் எந்தக் கோல் காவலரும் வெறும் முகத்தோடு ஆடவில்லை. பிளான்ட் கவசங்கள் தயாரிக்கும் நிறுவனம் தொடங்கினார், கோல் காப்பது பற்றி நூல் எழுதினார், இளம் காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசிக் காலத்தில் சுவிட்சர்லாந்தில் வாழ்ந்தார். 1986 பிப்ரவரியில் புற்றுநோயால் ஜெனிவாவில் காலமானார். இறுதிச் சடங்கு முடிந்து சவப்பெட்டியைத் தேவாலயத்திலிருந்து வெளியே கொண்டு வந்தபோது, ஒரு போட்டிக்காக அங்கே வந்திருந்த கியூபெக் சிறுவர்கள் தங்கள் ஹாக்கி மட்டைகளை உயர்த்தித் தோரணம்போல் பிடித்து நின்றார்கள். அதன் கீழேதான் அவரைக் கொண்டு போனார்கள்.