லேடி ஹாமில்டன்

இரண்டாம் உலகப்போரின் நடுவே, 1941-ஆம் ஆண்டில், அலெக்ஸாந்தர் கோர்டா என்பார் வெளியிட்ட 'தட் ஹாமில்டன் உமன்' என்னும் பேசும்படம் கடற்போரின் இடுக்கண்களையும் ஒரு காதற்கதையையும் ஒருங்கே காட்டிப் பெயர்பெற்றது. சர்ச்சில் அதனைப் பன்முறை கண்டு மகிழ்ந்தார். அதில் விவியன் லீ நடித்த எம்மாவின் மெய்வரலாறோ படத்தினுங் கசப்பானது.

எம்மா செஷயர் நாட்டுக் கருமான் ஒருவனுடைய மகள். 1765-இல் ஞானஸ்நானம் பெற்ற சின்னாளில் தந்தையை இழந்தாள். இளமையிற் பிறர் வீட்டில் ஊழியஞ்செய்து, பின்பு செல்வர் சிலரது ஆதரவில் நெறிதவறி வாழ்ந்தாள்; அதனை மறைத்தலாற் பயனில்லை. அவருள் ஒருவராகிய கிரெவில், தாம் செல்வக்குடிப் பெண்ணை மணக்க விரும்பி, 1786-இல் இவளை நேபிள்ஸ் நகரத்து ஆங்கிலத் தூதரான தம் மாமன் ஸர் வில்லியம் ஹாமில்டனிடம் அனுப்பிவிட்டார். பண்டம் கைமாறுவதுபோல் இவள் கைமாறினாள். ஆயினும் பாஷைகளும் சங்கீதமும் பயின்று, 1791-இல் ஸர் வில்லியத்துக்கு மனைவியாகி, அரசி மரியா கரோலினாவின் உயிர்த்தோழியுமானாள்.

1798-இல் நைல் கடற்போரில் வென்று, தலையிற் காயத்தோடு நேபிள்ஸ் வந்த நெல்சனுக்கு எம்மா பணிவிடை செய்தாள். அவ்வாண்டு டிசம்பரில் பிரெஞ்சுப்படை நெருங்கவே, அரச குடும்பத்தார் இரவில் கரந்துசென்று நெல்சனின் 'வான்கார்ட்' கப்பலேறிப் பலெர்மோ நோக்கிப் புறப்பட்டனர். மறுநாள் எழுந்த புயல்போல் நெல்சன் தம் ஆயுளிற் கண்டதில்லை. பாய்கள் கிழிந்தன, பிரபுக்கள் மண்டியிட்டுப் பாவமன்னிப்பு வேண்டினர். எம்மாவோ தன் படுக்கைகளை அரசகுடும்பத்தாருக்கீந்து, உறக்கமின்றி நோயுற்றோரைப் பேணினாள். கிறிஸ்துமஸ் நாளன்று ஆறு வயது இளவரசன் ஆல்பெர்ட்டோ ஜன்னிகண்டு அவள் கரங்களிலேயே உயிர்நீத்தான். அவளை எவரும் பழிக்கவொண்ணாத நாட்கள் அவை.

பின்பு நேர்ந்தது யாவரும் அறிந்ததே. நெல்சனுக்கு மனைவி உயிரோடிருக்க, 1801-இல் எம்மாவுக்கும் அவருக்கும் ஹொரேஷியா பிறந்தாள். 1805 அக்டோபர் 21, டிரபால்கர் போர் தொடங்குமுன், எம்மாவையும் மகளையும் தேசத்தின் ஆதரவில் விடுவதாக நெல்சன் எழுதிவைத்தார். அன்றே மாண்டார். தேசமோ அவர் தமையனாருக்குப் பிரபுப்பட்டமும் பெருநிதியும் அளித்து, அவ்வெழுத்தைப் புறக்கணித்தது. போர்வீரரின் இறுதி வேண்டுகோளுக்கு இஃதோ மறுமொழி! எம்மாவும் சிக்கனம் அறியாதவள், கடன் பெருகிற்று. படத்தில் அவள் கலே நகரில் மது திருடிச் சிறைப்படுகிறாள். உண்மையில் 1813-இல் இலண்டனிற் கடனுக்காகவே சிறைப்பட்டாள். மறு ஆண்டு மகளோடு கலேக்குத் தப்பியோடி, 1815 ஜனவரி 15-ஆம் நாள் அங்கே இறந்தாள்.

உடனிருந்த ஹொரேஷியாவுக்குத் தானே ஈன்ற தாயென்பதை அவள் கடைசிவரை சொல்லவில்லை. பின்னர்க் குருவானவர் ஒருவரை மணந்து 1881 வரை வாழ்ந்த அம்மகள், நெல்சனைத் தந்தையென ஏற்றாள். எம்மாவைத் தாயென ஏற்கவில்லை.