பசிபிக் கடலைத் தாண்ட 10 நாள்... சிட்னி ஏர்போர்ட்டுக்குப் பெயர் தந்த கிங்ஸ்போர்டு ஸ்மித் யார்?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு வான்வழி தூரம் சுமார் 12,000 கி.மீ. நான்-ஸ்டாப் விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய 15 மணி நேரம். ரெண்டு சாப்பாடு, மூணு படம், ஒரு தூக்கம்... சிட்னி வந்துடும். இறங்குற ஏர்போர்ட்டின் பெயர் கிங்ஸ்போர்டு ஸ்மித். அமெரிக்காவில் இருந்து ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலில் பறந்து வந்த விமானி அவர்தான். அவருக்கு ஆனது 10 நாள்!

1897-ல் பிரிஸ்பேனில் பிறந்தவர் சார்லஸ் கிங்ஸ்போர்டு ஸ்மித். முதல் உலகப் போரில் போர் விமானி. 1917-ல் வானில் நடந்த சண்டையில் குண்டடிபட்டு இடது பாதத்தில் ஒரு பகுதியை இழந்தார். அதோடு பறப்பதை விட்டிருக்கலாம். விடவில்லை.

1928 மே 31. சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய ஓக்லாந்தில் இருந்து 'சதர்ன் கிராஸ்' கிளம்பியது. மூன்று இன்ஜின் கொண்ட ஃபோக்கர் விமானம். இணை விமானி சார்லஸ் உல்ம். பின்னால் வழிகாட்டி ஒருவர், ரேடியோ ஆபரேட்டர் ஒருவர். நடுவில் பெரிய பெட்ரோல் டேங்க். இன்ஜின் சத்தத்தில் பேச்சே கேட்காது. சீட்டு எழுதி, குச்சி முனையில் செருகி நீட்டினார்கள். அதுதான் அவங்க வாட்ஸ்அப்!

ஹவாய் வரை 27 மணி நேரம். அடுத்தது பிஜி. சுமார் 5,000 கி.மீ., 34 மணி நேரம், வழியெல்லாம் மழையும் புயலும். இன்ஜின் நின்றால் கீழே கடல் மட்டும்தான். பிஜியின் சுவா நகரில் ஏர்போர்ட்டே கிடையாது. விளையாட்டு மைதானத்தில் மரங்களை வெட்டி இடம் செய்து வைத்திருந்தார்கள். அதில்தான் இறங்கினார். ஜூன் 9-ல் பிரிஸ்பேன். வானில் இருந்த நேரம் மட்டும் சுமார் 83 மணி. அதாவது, சராசரி வேகம் மணிக்கு 140 கி.மீ. எக்ஸ்பிரஸ்வேயில் போற கார் வேகம்தான். இன்றைய ஜெட் விமானம் 900 கி.மீ. வேகத்தில் போகிறது.

ஆஸ்திரேலியா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. ஆனால், அடுத்த வருஷமே கதை மாறியது. 1929-ல் அந்நாட்டின் வடமேற்கில் வழி தவறி, ஆளில்லாத இடத்தில் சதர்ன் கிராஸ் இறங்கியது. அவரைத் தேடிப் பறந்தவர்களில் பழைய கூட்டாளி கீத் ஆண்டர்சனும் மெக்கானிக் பாப் ஹிட்ச்காக்கும் இருந்தார்கள். பசிபிக் பயணத்தில் இடம் கிடைக்காமல் விலக்கப்பட்டவர் இந்த ஆண்டர்சன். அவர்களின் விமானம் பாலைவனத்தில் இறங்கி, மீண்டும் கிளம்ப முடியவில்லை. இருவரும் தண்ணீரின்றி இறந்தார்கள். ஸ்மித் உயிரோடு மீட்கப்பட்டார். விளம்பரத்துக்காக வேண்டுமென்றே காணாமல் போனார் என்று பேச்சு கிளம்பியது. விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அதன்பிறகும் நேரத்தைக் குறைக்கும் பந்தயத்தை அவர் விடவில்லை. 1935 நவம்பரில் இங்கிலாந்து - ஆஸ்திரேலியா சாதனையை முறியடிக்கப் புறப்பட்டார். கூடவே டாமி பெதிபிரிட்ஜ். நம்ம அலகாபாத்தில் இறங்கி, அங்கிருந்து சிங்கப்பூர் நோக்கி இரவில் பறந்தபோது அந்தமான் கடல் மேலே விமானம் மறைந்தது. ஸ்மித்துக்கு வயசு 38. ஒன்றரை வருஷம் கழித்து, விமானத்தின் ஒரு சக்கரமும் அதைத் தாங்கும் கம்பியும் பர்மா கரையோரம் கிடைத்தன. இருவரின் உடல்களும் கிடைக்கவே இல்லை.