வரி பாக்கியைத் தேடிப் பிடித்த டீச்சர்
அமெரிக்காவின் சிகாகோவில் ஆறாம் வகுப்பு டீச்சராக இருந்தவர் மார்கரெட் ஹேலி (1861-1939). அறிவித்த சம்பள உயர்வுக்குப் பணமில்லை என்று கல்வி வாரியம் கையை விரித்தது. 1900-ல் ஹேலி வகுப்பறையை விட்டு முழுநேரச் சங்க வேலைக்கு வந்தார். தோழி கேத்தரின் காகினுடன் வரிக் கணக்குகளைப் புரட்டினார். கேஸ், மின்சார, டெலிபோன், டிராம் கம்பெனிகள் நகரத் தெருக்களைப் பயன்படுத்தும் உரிமைக்கு உரிய வரி கட்டவில்லை! லெட்ஜரோடு காலம் தள்ளிய எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மேயர் தேர்தலில் ஓட்டுரிமைகூட இல்லாத அந்தப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1901-ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. வந்த பணத்தையோ வாரியம் நிலக்கரிக்கும் ரிப்பேருக்கும் ஒதுக்கியது. விடவில்லை, மறுபடியும் கோர்ட். 1904-ல் நீதிபதி டன் அந்தப் பணத்தை ஆசிரியர்களுக்கே கொடுக்கச் சொன்னார்.