ஜான் கராண்டும் எட்டுத் தோட்டாக்களும்

துப்பாக்கியின் மேகசினில் எத்தனை தோட்டாக்கள் இருக்கலாம் என்று சில நாடுகள் சட்டத்தால் வரையறுத்துள்ளன. எண் எத்தனை என்பதைவிட, அது எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதே பெரிய கேள்வி. இதைச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் ஜான் கராண்ட்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியாலுக்குத் தெற்கே உள்ள செயின்ட் ரெமியில் 1888 ஜனவரி 1 அன்று அவர் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. துணி ஆலையில் தரை பெருக்கத் தொடங்கியவர், அங்கேயே இயந்திரத் தொழிலைக் கற்றுத் தேர்ந்தார். 1919-இல் ஸ்பிரிங்ஃபீல்ட் அரசுப் படைக்கலச் சாலையில் சேர்ந்தார். ஏறத்தாழ 17 ஆண்டுகால உழைப்புக்குப் பின், 1936-இல் அவரது எம்1 ரைஃபிளை அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது.

எட்டுத் தோட்டாக்களைப் பற்றியிருக்கும் எஃகு கிளிப்பை அப்படியே துப்பாக்கிக்குள் அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானே ஏறிக்கொள்ளும். கடைசித் தோட்டா வெடித்ததும் வெற்றுக் கிளிப் துள்ளி வெளியே விழும். இரண்டாம் உலகப் போரில் மட்டும் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட எம்1 ரைஃபிள்கள் தயாராயின. ஆனால், கண்டுபிடிப்பின் உரிமையை அரசுக்கே அளித்துவிட்ட கராண்ட், உரிமைத்தொகை எதையும் பெறவில்லை. அவருக்கு ஒரு லட்சம் டாலர் வழங்கக் கொண்டுவரப்பட்ட மசோதாவும் நிறைவேறவில்லை. 1953-இல் ஓய்வு பெற்று, 1974-இல் காலமானார்.

அவர் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின், 1989 டிசம்பர் 6 அன்று, அவர் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள மான்ட்ரியாலின் பொறியியல் கல்லூரியில், அரை தானியங்கி ரைஃபிள் ஏந்திய ஒருவன் 14 பெண்களைக் கொன்றான். அதன் விளைவாக 1991-இல் கனடா சட்டத்தைக் கடுமையாக்கியது. தொடர்ந்து வந்த விதிகள், பெரும்பாலான அரை தானியங்கி ரைஃபிள்களுக்கு 5 தோட்டாக்கள், கைத்துப்பாக்கிகளுக்கு 10 தோட்டாக்கள் என வரம்பு கட்டின. கராண்டின் எட்டு, அந்த வரம்பை மீறியது. எனினும், எம்1 ரைஃபிளைப் பெயர் சொல்லியே விதி விலக்களித்தது.

இந்த விலக்கு எனக்கு ஏற்புடையதே. கராண்டின் கிளிப்பைக் கழற்றிவிட்டு முப்பது தோட்டா மேகசினைப் பொருத்த அந்தத் துப்பாக்கியின் அமைப்பே இடம் தராது. எல்லாவற்றுக்கும் மேலாக, எது விலக்கு என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குடிமக்கள் படிக்கலாம், எதிர்க்கலாம்.

மற்றொரு வழியோ அப்படிப்பட்டதன்று. மேகசின் எந்தத் துப்பாக்கியில் பொருத்தப்படுகிறது என்பதன்று, எதற்காகத் தயாரிக்கப்பட்டது என்பதே அளவுகோல் என்று கனடியக் காவல்துறை விதிக்கு விளக்கமளித்தது. அதன்படி, கைத்துப்பாக்கிக்கெனத் தயாரான பத்துத் தோட்டா மேகசின் ஒரு ரைஃபிளில் பொருந்தினால், அதில் பயன்படுத்துவது குற்றமாகாது. சொற்களின்படி இந்த விளக்கம் சரியே. ஆனால், ஐந்து என்று நினைத்து நிம்மதியடைந்த மக்களுக்கு, நடைமுறையில் பத்தும் சாத்தியம் என்பது தெரியாமலே போகிறது.

கராண்ட் தம் படைப்பில் எதையும் மறைக்கவில்லை. எட்டு என்றால் எட்டுதான். உயிர்களைக் காக்க எழுதப்படும் சட்டத்திடமும் அதே தெளிவை எதிர்பார்க்கிறேன்.